நம்பிய மென்பொருளும் நாள்தோறும் வரும் எச்சரிக்கையும்

பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவினர் கட்டுரையொன்று வேண்டுமெனக் கேட்டபொழுது, யான் விடுதி வாழ்க்கையைப் பற்றியோ, எனக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர்களைப் பற்றியோ எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை என்னிலும் நன்கு எழுதவல்ல அன்பர் பலர் இம் மலரில் எழுதியிருக்கின்றனர். யானோ, இளைப்பாறிய பின்னர்க் காலைதோறும் சங்க அலுவலகத்திற்குச் சென்று, அங்குள்ள கணினியின் முன் இரண்டொரு மணி நேரம் அமர்பவன். அக் கணினியில் எழுந்த ஒரு சிக்கலையும், அதனை அவிழ்க்க முயன்றபொழுது அறிந்துகொண்டனவற்றையும் ஈண்டு எழுதத் துணிகின்றேன். நம் அங்கத்தவருட் பலர் வீட்டிற் கணினி வைத்திருப்பவராதலின் அவர்க்கு இது பயன்படும் என நம்புகின்றேன்.

சங்கத்தின் அங்கத்தவர் பதிவேடு அக் கணினியில் உண்டு. வறிய மாணவர்க்கு நாம் வழங்கும் உதவிப்பணத்தின் கணக்கும், அதன்பொருட்டு வங்கியோடு நடத்தும் அலுவல்களும் அதன் வழியே நடைபெறுவன. இம் மலருக்கு வந்த கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சுச் செய்ததும் அதிலேயே. தமிழில் எழுதுதற்கென ஒரு சிறு மென்பொருளை அதில் நிறுவியிருக்கின்றோம். தமிழன்பர் சிலர் ஊதியம் கருதாது ஆக்கி இலவசமாக வழங்கிய மென்பொருள் அது. விண்டோஸ் இயங்குதளம் தானே தமிழ் விசைப்பலகைகளை வழங்குகின்றதே, வேறொன்று எதற்கு என வினவுவோர் உளர். 2019 ஆம் ஆண்டில் அதில் ஒலிமுறை விசைப்பலகையும் சேர்க்கப்பெற்றது உண்மையே. ஆயினும் நம் நாட்டு அச்சகங்களில் நெடுங்காலம் வழங்கிவந்த பாமினி எழுத்துருவின் விசை ஒழுங்கு அதில் இல்லை. பாமினியிற் பழகிய விரல்கள் முதுமையிற் புதிய பாடம் கற்க மறுக்கின்றன. நாம் வைத்திருக்கும் மென்பொருளோ, பாமினி முறையில் விசைகளைத் தட்டினாலும் எழுத்துக்களை யுனிகோட்டில் தரவல்லது.

ஒரு நாட் காலை கணினியைத் திறந்தவுடன் திரையின் மூலையில் ஓர் அறிவித்தல் தோன்றிற்று. வைரஸ் தடுப்பு மென்பொருள் (அதன் பெயர் ஈண்டு வேண்டியதில்லை) எங்கள் தமிழ் மென்பொருளைச் சுட்டி, அபாயம் கண்டறியப்பட்டது என்றது. விவரத்தை நோக்கினேன். ஒரு நீண்ட பெயரும், பொது வகை எனப் பொருள்படும் ஒரு சொல்லும் இருந்தன. வேறு விளக்கம் எதுவுமில்லை. மறுநாளும் அதே அறிவித்தல் வந்தது. அதன் மறுநாளும் வந்தது. இரண்டாண்டுகளாக எவ்வகைக் குறையுமின்றி உழைத்த மென்பொருளின் மேல் இங்ஙனம் நாள்தோறும் ஒரு குற்றச்சாட்டு.

எங்கள் தனாதிகாரியார் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். அவர் அறிவித்தலைப் பார்த்துவிட்டு, "எங்கடை தமிழ்ப்பிள்ளையள் செய்த சாமான். அதிலை என்ன பிழை இருக்கப்போகுது? உந்த எச்சரிக்கையை நிப்பாட்டிவிடும் காணும்" என்றார். விடுமுறையில் வந்திருந்த என் மகளின் மகனோ, "அம்மப்பா, உதை உடனை அழிச்சுப்போடுங்கோ. நீங்கள் அடிக்கிற பாஸ்வேர்ட் எல்லாத்தையும் களவெடுக்கிற சாமானாயும் இருக்கலாம்" என்றான். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. தனாதிகாரியார் சொற்படி எச்சரிக்கையை நிறுத்திவிட, பேரன் கூறியதே உண்மையாயிருப்பின், போவது எங்கள் பணமன்று. பிள்ளைகளின் படிப்புக்கென அன்பர்கள் மனமுவந்து அனுப்பிய பணம். பேரன் சொற்படி மென்பொருளை அழித்துவிட, அது குற்றமற்றதாயிருப்பின், மலரின் வேலை அன்றோடு நின்றுவிடும். அச்சகத்தாருக்குக் குறித்த நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

இத்தகைய மென்பொருளின் மேல் ஐயம் எழுவதேன் என்பதை முதலில் விளக்குதல் வேண்டும். நாம் ஒரு விசையைத் தட்டும்பொழுது அச் செய்தி இயங்குதளத்திற்குச் சென்று, அங்கிருந்து நாம் எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டைச் சேர்கின்றது. தமிழ் மென்பொருள் இடைவழியில் நின்று, ஒவ்வொரு விசையையும் பிடித்து, ஆங்கில எழுத்தை விழுங்கிவிட்டு, அதற்குரிய தமிழெழுத்தை ஏட்டுக்கு அனுப்புகின்றது. நாம் எதனை எழுதினும், எவ்விடத்தில் எழுதினும், அதன் கை படாமல் ஓர் எழுத்தும் செல்லாது. கடவுச்சொற்களைத் திருடும் தீய மென்பொருளும் இதே இடைவழியிலேயே நிற்கின்றது. அதுவும் ஒவ்வொரு விசையையும் பிடிக்கின்றது. பிடித்த பின்னர்ச் செய்வதிலேதான் வேற்றுமை. ஒன்று எழுத்தை மாற்றித் திரும்பக் கொடுக்கின்றது. மற்றையது அதனைப் பிரதிசெய்து ஒளித்துவைத்து, தன் தலைவனுக்கு இணையத்தின் வழியே அனுப்புகின்றது. வாயிலில் நின்று பார்க்கும் காவலனுக்கு முதற்பாதி மட்டுமே தெரியுமாயின், இருவரையும் ஒருங்கே ஐயுறுதல் இயல்பன்றோ?

வைரஸ் தடுப்பு மென்பொருள் பெரும்பாலும் மூன்று வழிகளில் முடிவுக்கு வருகின்றது. முன்னர்ப் பிடிபட்ட தீய கோப்புக்களின் அடையாளங்களைத் தொகுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுதல் பழைய வழி. இவ்வழியில் வரும் எச்சரிக்கை பெரும்பாலும் திட்டமான ஒரு பெயரைக் கூறும். கோப்பின் அமைப்பையும் நடத்தையையும் நோக்கி, இது தீயனவற்றை ஒத்திருக்கின்றது என ஊகித்தல் இரண்டாவது. இன்று இவ்வூகத்தின் பெரும்பகுதியை இயந்திரக் கற்றல் செய்கின்றது. மூன்றாவது வழி புகழ்பற்றியது. கோடிக்கணக்கான கணினிகளில் உள்ள கோப்பாயின் நம்பப்படும்; சிலர் மட்டுமே வைத்திருப்பதும், ஆக்கியோனின் இலத்திரனியற் கையொப்பம் இல்லாததுமாயின் ஐயுறப்படும். தமிழ்போன்ற மொழிகளுக்கென ஆர்வலர் ஆக்கும் சிறு மென்பொருள்கள் இம் மூன்றாவது வழியில் எஞ்ஞான்றும் இடர்ப்படுவன. அவற்றை வைத்திருப்போர் தொகை சிறிது. கையொப்பத்துக்குரிய சான்றிதழையோ ஆண்டுதோறும் பணங்கட்டிப் பெறுதல் வேண்டும். இலவசமாக வழங்குவோர் அதற்கு எங்கே போவர்?

ஈண்டு கணிதத்தில் ஈடுபாடுள்ள மாணவர்க்கு ஒரு செய்தி. இக் காவல் எக் காலத்தும் முற்றாகப் பிழையற்றதாக இருத்தல் இயலாது என்பது நிறுவப்பட்ட உண்மை. அமெரிக்காவின் தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த பிரெட் கோகன் என்பார் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இதனைக் காட்டினார். வைரஸ் எது, அல்லாதது எது எனப் பிழையின்றிக் கூறும் மென்பொருள் ஒன்று உளதெனக் கொள்வோம். அதனையே தன்னகத்தே வைத்துக்கொண்டு, "நான் வைரஸா?" என அதனை வினவி, "ஆம்" என்றால் வாளாவிருக்கவும், "இல்லை" என்றாற் பரவவும் தக்கதாக வேறொரு மென்பொருளை ஒருவன் எழுதுவானாயின், காவலன் எவ்விடை கூறினும் அவ்விடை பொய்யாகும். ஆகவே அத்தகைய காவலன் இருத்தல் இயலாது. கேத்திரகணித வகுப்பில் முரண்பாட்டால் நிறுவல் எனக் கற்றோமே, அதே முறை. பொய்யெச்சரிக்கையும், தவறவிட்ட எச்சரிக்கையும் எவ்வளவு குறையினும் முற்றாக ஒழியா.

நிற்க. எச்சரிக்கை ஏன் நாள்தோறும், அதுவும் கணினியைத் திறக்கும்பொழுதே வருகின்றது? தமிழ் மென்பொருள் நாம் எழுதத் தொடங்குமுன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டுமாதலின், இயங்குதளம் விழித்தெழும்பொழுது தானும் எழுமாறு தன் பெயரைத் தொடக்கப் பட்டியலிற் பதிந்துவைக்கின்றது. ஒரு கோப்பு இயங்கத் தொடங்கும் கணத்திலேதான் காவலன் அதனை நன்றாகச் சோதிப்பது வழக்கம். காலைதோறும் அது எழ, காலைதோறும் இவன் தடுக்கின்றான். தடுத்த கோப்பைச் சிறைப்படுத்தியும் எச்சரிக்கை தீராதிருப்பதுண்டு. கோப்பு சிறைப்பட்டாலும் பட்டியலிற் பெயர் இருந்துகொண்டே இருக்கும்; மென்பொருளின் வேறொரு பகுதி, தன் உறுப்பொன்று காணாமற் போனதைக் கண்டு, அதனை மீண்டும் கொணர்ந்து வைக்கும். மறுநாள் அதே வழக்கு மீண்டும் விசாரணைக்கு வரும். பட்டியலைப் பார்க்க விரும்புவோர் கொன்றோல், ஷிப்ற், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. தோன்றும் பலகையிற் தொடக்கம் என்ற பகுதியில் அப் பெயர்கள் இருக்கும். தாம் என்றும் கேள்விப்படாத எத்தனையோ மென்பொருள்கள் காலைதோறும் தமக்கு முன்னரே எழுந்து உலாவுவதைக் கண்டு சிலர் வியப்படையக்கூடும்.

இனி, உலகில் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். தனாதிகாரியாரின் கட்சிக்குச் சான்றுகள் பல உள. 2010 ஆம் ஆண்டு ஏப்ரில் 21 ஆம் திகதி மக்கபி என்னும் வைரஸ் தடுப்பு நிறுவனம் அனுப்பிய அடையாளத் தொகுதி, விண்டோஸ் எக்ஸ்.பி. இயங்குதளத்தின் இன்றியமையாக் கோப்பொன்றையே வைரஸ் எனக் கொண்டது. அதனை அகற்றிய கணினிகள் மீண்டும் மீண்டும் நின்று எழுந்து, வலையமைப்போடு தொடர்பையும் இழந்தன. மருத்துவமனைகளும் பாடசாலைகளும் இடர்ப்பட்டன. காவலன் வீட்டுக்காரனையே பிடித்துக் கட்டிய கதை இது. 2022 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 4 ஆம் திகதி, விண்டோஸோடு வரும் மைக்ரோசொப்ட் டிபென்டர், கூகிள் குரோம் முதலிய பெயர்பெற்ற மென்பொருள்களைத் திறக்குந்தோறும் அவற்றைத் தீயன எனச் சுட்டிற்று. அறிவித்தலை நீக்கினாலும் அது திரும்பத் திரும்ப வந்தது. புதிய அடையாளத் தொகுதி வெளிவந்த பின்னரே அது தீர்ந்தது. அன்று அஞ்சித் தம் மென்பொருள்களை அழித்தோர் பயனின்றி உழைத்தோராவர்.

இவற்றை மட்டும் கூறி நிறுத்துவேனாயின் யான் உண்மையிற் பாதியை மறைத்தவனாவேன். சீகிளீனர் என்பது கணினியைத் துப்புரவாக்கும் மென்பொருள். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நம்பிப் பயன்படுத்தியது. 2017 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வெளிவந்த அதன் 5.33 என்னும் பதிப்பில் அயலார் தீய நிரலைப் புகுத்தியிருந்தனர். ஆக்கியோரின் சொந்த இணையத்தளத்திலிருந்தே, அவர்தம் செம்மையான கையொப்பத்தோடே அது வெளிவந்தது. செப்ரெம்பரில் உண்மை வெளிப்படுமுன் ஏறத்தாழ 22 இலட்சத்து 70 ஆயிரம் கணினிகளை அடைந்துவிட்டது. அதனை ஆக்கிய நிறுவனத்தைச் சில வாரங்களுக்கு முன்னர் விலைக்கு வாங்கியிருந்தது அவாஸ்ட் என்பதையும் சொல்லிவைக்கின்றேன். அவாஸ்ட் வைரஸ் தடுப்பு மென்பொருளை விற்கும் நிறுவனம்.

2023 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிகழ்ந்தது எங்கள் சிக்கலுக்கு மிகவும் அண்மையானது. திரீ-சீ-எக்ஸ் என்பது அலுவலகங்களிற் தொலைபேசி அழைப்புக்களை நடத்துதற்கான மென்பொருள். ஆறு இலட்சம் நிறுவனங்கள் அதனைப் பயன்படுத்துவதாக ஆக்கியோர் கூறியிருந்தனர். அம் மாதம் 22 ஆம் திகதியளவிற் சென்ரினல்வண் என்னும் காவல் மென்பொருள் அதனைத் தீயதெனச் சுட்டத் தொடங்கிற்று. பயன்படுத்துவோர் பலர் அதனைப் பொய்யெச்சரிக்கை எனவே கருதினர். நாடறிந்த மென்பொருள், ஆக்கியோரின் கையொப்பம் உண்டு, அவர்களே அனுப்பிய புதிய பதிப்பு. வேறெங்ஙனம் கருதுவர்? சிலர் அதனை விலக்குப் பட்டியலிற் சேர்த்து, எச்சரிக்கையை வாயடைத்தனர். ஒரு வாரம் சென்று, 29 ஆம் திகதி உண்மை வெளிவந்தது. ஆக்கியோரின் பட்டறைக்குள்ளேயே களவர் புகுந்து பதிப்பை நஞ்சூட்டியிருந்தனர். களவர் அங்கே புகுந்தது எவ்வாறு என்பது பின்னர்த் தெரியவந்தது. அந் நிறுவனத்தின் ஊழியரொருவர் தம் கணினியில் நிறுவிய வேறொரு மென்பொருள், அதுவும் கையொப்பமுடையது, முன்னரே நஞ்சூட்டப்பட்டிருந்தது.

ஆக, தனாதிகாரியார் ஆக்கியோரின் நன்மையைப் பற்றிப் பேசினார். எச்சரிக்கையோ கோப்பைப் பற்றியது. ஆக்கியோர் நல்லவர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. திரீ-சீ-எக்ஸ் ஆக்கியோரும் நல்லவரே. நல்லார் வீட்டிலிருந்து வரும் பாலாயினும், வழியில் எவன் தொட்டான் என்பது வேறு வினா.

இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது வகையொன்றும் உண்டு. அதனை அறிந்தபொழுது யான் சிறிது நேரம் சிந்தனையில் ஆழ்ந்தேன். கணினியின் உள்ளே சுழலும் விசிறிகளின் வேகத்தையும் வெப்பநிலையையும் கண்காணிக்கும் மென்பொருள்கள் சில உள. கணினி எழும்போதே தாமும் எழுவன. அவற்றுட் பல, வின்றிங்-சீரோ என்னும் பழைய டிரைவர்க் கோப்பு ஒன்றைத் தம் கருவியாகக் கொண்டிருந்தன. இயங்குதளத்தின் அடித்தளம்வரை சென்று வன்பொருளைத் தொடவல்ல கோப்பு அது. அதில் ஒரு குறை உண்டென்பது 2020 ஆம் ஆண்டிலேயே பகிரங்கமாகப் பதிவாயிற்று. ஆயினும் ஆண்டுகள் பல அது அவ்வாறே வழங்கிவந்தது. 2025 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மைக்ரோசொப்ட் டிபென்டர் அதனை அபாயம் எனச் சுட்டத் தொடங்கவே, உலகெங்கும் விசிறி மென்பொருள் வைத்திருந்தோர் கணினியைத் திறக்குந்தோறும் எச்சரிக்கையைக் கண்டனர். மென்பொருளை ஆக்கியோர் குற்றமற்றவர். அவர்கள் எதனையும் திருடவில்லை. எச்சரிக்கையும் பொய்யன்று, அக் கோப்பு கணினியில் இருக்குமாயின், பின்னர் வேறொரு களவன் வரும்பொழுது அதனையே ஏணியாகக் கொண்டு அடித்தளத்தில் இறங்குதல் கூடும். வீட்டுக்காரன் நேர்மையானவன், ஆனாற் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதைப் போன்றது. இங்கே விலக்குப் பட்டியலிற் சேர்ப்பது விடையாகாது. அக் குறையற்ற வேறு டிரைவருக்கு மாறிய பதிப்பைத் தேடிப் பெறுவதே தக்கது. அங்ஙனம் மாற்றி வெளியிட்டோரும் உளர்.

எங்கள் மென்பொருள் இம் மூன்றில் எவ்வகை என்பதை அறிய வேண்டியதாயிற்று. அறியும்வரை, வங்கி அலுவல் எதனையும் அக் கணினியிற் செய்வதில்லை எனக் காரியதரிசியாரோடு பேசி முடிவுசெய்தேன். கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றினோம். அங்கத்தவர் பதிவேட்டின் பிரதியொன்றை எடுத்து வேறிடத்தில் வைத்தோம். இவை செய்து முடித்தபின் அவசரம் பாதியாகக் குறைந்துவிட்டது. அமைதியாக ஆராய முடிந்தது.

முதலில், சுட்டப்பட்ட கோப்பு எங்கே இருக்கின்றது என நோக்கினேன். பெயரை மட்டும் பார்த்து அமைதல் கூடாது. களவரும் நல்ல பெயர்களைச் சூடிக்கொள்வர். எங்கள் கோப்பு, மென்பொருளை நிறுவிய இடத்திலேயே இருந்தது. அதன் மேல் பதிந்த திகதி இரண்டாண்டுகளுக்கு முந்தியது. கோப்பு மாறவில்லை, மாறியது காவலனின் அடையாளத் தொகுதியே என்பதற்கு இது ஓர் அறிகுறி. திகதியைப் பொய்யாகவும் பதியலாமாதலின் அறிகுறி என்றேன், சான்று என்றேனில்லை.

அடுத்து, கோப்பின் கைரேகையை எடுத்தேன். எந்தக் கோப்பாயினும், அதன் உள்ளடக்கம் முழுவதையும் கணித்து அறுபத்துநான்கு எழுத்துக்களிற் சுருக்கித் தரும் முறையொன்று உண்டு, எஸ்.எச்.ஏ-256 என்பர். உள்ளே ஓர் எழுத்து மாறினும் அவ்வறுபத்துநான்கும் வேறாகிவிடும். விண்டோஸிலேயே இதற்குக் கட்டளை இருக்கின்றது. வேறெதனையும் வாங்க வேண்டியதில்லை. ஆக்கியோர் தம் இணையத்தளத்தில் வெளியிட்டிருந்த எண்ணோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்தது. பேரன் ஒன்றைப் படிக்க, யான் மற்றையதைச் சரிபார்த்தேன். மனனப் பரீட்சையை நினைவூட்டிற்று. வழியிலோ எங்கள் கணினியிலோ எவரும் கோப்பைத் தொடவில்லை என்பது இதனாற் பெறப்பட்டது. ஆக்கியோரின் பட்டறையிலேயே தொட்டிருப்பின் இச் சோதனை பயன்படாது என்பதைச் சீகிளீனர் கதை அறிந்தோர் உணர்வர்.

ஆகவே பிறர் கருத்தையும் கேட்டேன். வைரஸ்டோட்டல் என்பது 2004 ஆம் ஆண்டிற் ஸ்பெயின் நாட்டிற் தொடங்கி, 2012 ஆம் ஆண்டிற் கூகிளின் கைக்கு மாறிய சேவை. ஏறத்தாழ எழுபது காவல் மென்பொருள்களின் கருத்தை அது ஒருங்கே காட்டும். கோப்பை அனுப்பாமல், கைரேகை எண்ணை மட்டும் கொடுத்தும் தேடலாம். இதனை ஏன் விதந்து கூறுகின்றேனெனில், அங்கே அனுப்பப்படும் கோப்புக்களைப் பிற நிறுவனத்தாரும் பெறக்கூடும். அங்கத்தவர் பெயர்ப் பட்டியல் போன்றவற்றை ஒருபொழுதும் அனுப்புதல் கூடாது. எங்கள் கோப்பை நால்வர் குற்றம் கூறினர். ஏனையோர் குற்றம் காணவில்லை. நால்வரும் கூறியது ஊகப் பெயர்களே; இன்ன தீய மென்பொருட் குடும்பத்தைச் சேர்ந்ததென ஒருவரும் கூறவில்லை. ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்த்தேன். உண்மையான தீமையாயின் நாட்செல்லக் குற்றம் கூறுவோர் தொகை பெருகும் என்பது எதிர்பார்க்கத்தக்கது. எங்கள் கோப்புக்கு நால்வர் இருவராயினர்.

பேரன் அப்பொழுதும் ஒத்துக்கொள்ளவில்லை. களவெடுத்ததை வெளியே அனுப்பாமல் களவில்லையே, அனுப்புகின்றதா எனப் பார்ப்போம் என்றான். நல்ல யோசனை. எந்த மென்பொருள் எவ்விடத்தோடு தொடர்புகொள்கின்றது எனக் காட்டும் வளக் கண்காணிப்பான் விண்டோஸிலேயே உண்டு. ஐந்து நாட்கள், நாங்கள் எழுதிக்கொண்டிருந்த வேளையில் அதனைத் திறந்து வைத்திருந்தோம். தமிழ் மென்பொருள் ஒருமுறையேனும் வெளியே பேசவில்லை. பேரன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது என எண்ணுகின்றேன்.

இவற்றையெல்லாம் எழுதி, கோப்பையும் இணைத்து, வைரஸ் தடுப்பு நிறுவனத்தாருக்கு அனுப்பினோம். பொய்யெச்சரிக்கையை முறையிடுதற்கென அத்தகைய நிறுவனங்கள் இணையத்தில் ஒரு படிவம் வைத்திருப்பது வழக்கம். பலர் இதனைச் செய்வதில்லை. ஆயின் இஃது எங்களுக்காக மட்டும் செய்வதன்று. எங்கள் கணினியில் விலக்களித்தால் எங்கள் தொல்லை தீரும். முறையிட்டால், அதே மென்பொருளை வைத்திருக்கும் ஏனைய தமிழர் வீடுகளிலும் தீரும். ஆக்கியோருக்கும் ஒரு கடிதம் எழுதினோம். அவர்தம் நற்பெயரன்றோ நாள்தோறும் ஊரெங்கும் கெடுகின்றது.

விடை வருமுன்னர், அச்சகத்தாரின் நெருக்குதலால் ஒரு விலக்கு அளிக்கவேண்டியதாயிற்று. அந்த ஒரு கோப்புக்கு மட்டுமே அளித்தோம். கோப்பு இருக்கும் முழு இடத்துக்கும் விலக்களித்தல் எளிது. ஆனாற் பின்னர் எவன் வந்து அங்கே ஒளித்தாலும் காவலன் கண்ணை மூடிக்கொள்வான். காவல் இன்னும் விழித்திருக்கின்றதா எனவும் சோதித்தோம். ஐக்கார் சோதனைக் கோப்பு என ஒன்று உண்டு. அறுபத்தெட்டு எழுத்துக்களாலானது, எத் தீங்கும் செய்யாது, ஆயினும் காவல் மென்பொருள்கள் அதனை வைரஸ் போலவே பிடிக்கவேண்டும் எனத் தமக்குள் உடன்பட்டிருக்கின்றன. அதனைத் தமிழ் மென்பொருளின் அருகிலேயே வைத்தோம். வைத்த கணத்திலேயே பிடிபட்டது. தனாதிகாரியார் இதனைப் பார்த்து மிகவும் மகிழ்ந்து, இன்னொருமுறை செய்துகாட்டுமாறு கேட்டார்.

நான்கு நாட்களில் நிறுவனத்தாரின் விடை வந்தது. கோப்பிற் குற்றமில்லை, அடுத்த அடையாளத் தொகுதியில் திருத்தப்படும் என எழுதியிருந்தனர். அவ்வாறே காலை எச்சரிக்கை நின்றது. நாங்களும் அளித்த விலக்கை நீக்கிவிட்டோம். நீக்குதல் அவசியம், விலக்குப் பட்டியல் என்பது நாளடைவில் எவரும் ஏன் என்று அறியாத பெயர்களால் நிரம்பிவிடும் இயல்பினது.

இக் கதை அத்துடன் முடிந்ததென எண்ணியிருந்தோம். மூன்று மாதம் சென்று ஆக்கியோர் புதிய பதிப்பொன்றை வெளியிட்டனர். அதனை நிறுவிய மறுநாட் காலை அதே அறிவித்தல் மீண்டும் தோன்றிற்று. சென்றமுறை குற்றமற்றதெனத் தீர்க்கப்பட்டதை இம்முறையும் ஏற்கலாமே எனக் காரியதரிசியார் கூறினார். ஆனாற் புதிய பதிப்பு வேறு கோப்பு. அதன் அறுபத்துநான்கு எழுத்துக்களும் வேறு. பழைய தீர்ப்பு அதற்குச் செல்லாது. திரீ-சீ-எக்ஸ் பயன்படுத்தியோரும் பழைய பதிப்புக்களின் நற்பெயரைக் கொண்டே புதியதை நம்பினர். ஆகவே வங்கி அலுவலை மீண்டும் வேறு கணினிக்கு மாற்றி, முன்செய்த சோதனைகளை முதலிலிருந்து செய்தோம். பழக்கமாகிவிட்டதால் இம்முறை அரை நாளே சென்றது. பழைய பதிப்பைத் திரும்ப நிறுவிக்கொண்டு மலரின் எஞ்சிய கட்டுரைகளை எழுதி முடித்தோம்.

அலுவலகக் கணினியின் அருகில் இப்பொழுது நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று கிடக்கின்றது. எச்சரிக்கை வந்த திகதி, சுட்டப்பட்ட கோப்பு, கூறப்பட்ட பெயர், நாம் செய்தது என நான்கு நிரல்கள் கோடிட்டிருக்கின்றோம். அலுவலகத்தில் உதவும் உயர்தர வகுப்பு மாணவர் எவரும் அதில் எழுதாமல் அறிவித்தலை மூடுதல் ஆகாது என்பது விதி. பத்தாவது முறை வரும் அறிவித்தலை விரல் தானாகவே மூடிவிடும் என்பதை அறிந்தே இவ்விதியைச் செய்தோம். கொப்பியில் இதுவரை பதினொரு பதிவுகள் உள. அவற்றுள் ஒன்று தமிழ் மென்பொருளைப் பற்றியதன்று. மாணவர் ஒருவர் கொணர்ந்த பென்டிரைவிலிருந்து வந்தது. அது பொய்யெச்சரிக்கையன்று. தனாதிகாரியார் அதன்பின் வங்கி அலுவலை அக் கணினிக்குத் திரும்பக் கொணர உடன்படவில்லை. புதிய பதிப்பைப் பற்றிய எங்கள் முறையீட்டுக்கு, இதனை எழுதும் இன்றுவரை விடை வரவில்லை.